சப்பரத்துக்காகக் கழற்றிய கேபிள்

இந்த வருஷக் கொடைத் திருவிழாவுக்கு அம்மன் சப்பரம் எங்கள் தெருவுக்கு வராது என்று கோயில் கமிட்டியில் முடிவு செய்துவிட்டார்கள். போன வருஷம் சப்பரம் உரசி, தெருவுக்குக் குறுக்கே போகும் இன்டர்நெட் கேபிள் அறுந்து, ஊரே நெட் இல்லாமல் கிடந்ததுதான் காரணமாம். எனக்குக் கொதித்துவிட்டது. கேபிள் நடத்தும் அண்ணாச்சியின் கடைக்கு நேரே போனேன்.

“மேலத்தெரு வழியா இன்னொரு லைன் இருக்குல்லா அண்ணாச்சி?”

“இருக்கும்மா. ஒண்ணு அறுந்தா கடையில இருக்க இந்தப் பெட்டியே கண்டுபிடிச்சு அடுத்ததுக்கு மாறணும். போன வருஷம் மாறலையே!”

“அதுக்கப்புறம் சோதிச்சுப் பாத்தீயளா?”

“அறுந்தாத்தான தெரியும்?”

“அப்பம் எங்க தெரு லைன இப்பவே கழத்திப் பாருங்க. ஒரு ஒயருக்குப் பயந்து எங்காத்தா வழி மாறிப் போகணுமோ?”

முணுமுணுத்துக்கொண்டே கழற்றினார். பெட்டியில் அந்த லைனின் விளக்கு அணைந்தது. மாற்று லைனின் விளக்கு எரியவே இல்லை. கடைக்குப் போன் மேல் போன்.

“ஒம்பேச்சக் கேட்டு வம்ப வெலைக்கு வாங்கிட்டேன்!” என்று கத்தினார். நான் நகரவில்லை.

மேலத்தெருப் பெட்டியைத் திறந்து பார்த்தால், செருகியிருந்த முனை கழன்று கிடந்தது. அதைத் துடைத்து அழுத்திவிட்டு, மறுபடியும் சோதித்தார். இந்தத் தடவை மாற்று விளக்கு தானாக எரிந்தது.

அதைக் கேட்டுக் கமிட்டியும் எங்கள் தெரு வழிக்கு ஒத்துக்கொண்டது. கொடையன்று அண்ணாச்சி குறுக்குக் கேபிளைக் கழற்றிச் சுருட்டி வைத்தார். அம்மன் நிமிர்ந்தபடி எங்கள் வாசலுக்கு வந்தாள். யார் வீட்டு நெட்டும் நிற்கவில்லை.

சாமி காரியத்தில் பொம்பளை இப்படி வாயாடலாமா என்று இன்றைக்கும் சிலர் கேட்கிறார்கள். எங்காத்தாவுக்காகப் பேசாமல் வேறு எதற்கு எனக்கு இந்த வாய்?