வலப்பக்கமாக ஓடிய ஐந்து காலேஜ்

போன மாதம் பெரியவள் பள்ளிக்கூடத்தில் ஓட்டப்பந்தயத்துக்குப் பெயர் கொடுத்திருந்தாள். வேங்கிக்காலில் நம் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் காலி மனையில் ஒரு வாரம் நான்தான் ஓடப் பழக்கினேன். போட்டியன்று பள்ளிக்கூட மைதானத்தைச் சுற்றி ஓடுங்கள் என்று சொன்னதும் எல்லாப் பிள்ளைகளும் ஒரு பக்கம் போக, இவள் மட்டும் எதிர்ப்பக்கம் ஓடி நடுவில் அவர்கள் மேலேயே போய் முட்டியிருக்கிறாள்.

"இன்னாப்பா, என்னை கிரிவலம் போறதுக்கா ரெடி பண்ணே?" என்று கேட்டவள் இரண்டு நாள் பேசவில்லை. சின்னவன் சும்மா இருப்பானா? "அக்கா, அப்பாவுக்கு சோத்துக்கை பக்கம் மட்டும்தான் திரும்பத் தெரியும்."

அவன் சொன்னது உண்மை. எனக்கு அந்தப் பக்கம்தான் ஓடத் தெரியும். ஏன் என்று உங்கள் இரண்டு பேரிடமும் வாயால் சொன்னால் பாதியில் எழுந்து போய்விடுவீர்கள். அதனால் எழுதி வைக்கிறேன்.

நான் ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படித்தேன். இரண்டு வருஷப் படிப்பு. அப்போது நம் பக்கத்தில் இரண்டு ஐ.டி.ஐ., இரண்டு ஆசிரியர் பயிற்சிப் பள்ளி, ஒரு பாலிடெக்னிக் சேர்ந்து வருஷத்துக்கு ஒரு முறை விளையாட்டுப் போட்டி நடத்தின. நோட்டீஸில் பெரிய பெயர் போட்டிருப்பார்கள். நாங்கள் 'அஞ்சு காலேஜ்' என்போம். "ஐ.டி.ஐ.யெல்லாம் எப்படா காலேஜ் ஆச்சு?" என்று தெருவில் கிண்டல் செய்வார்கள். ஆகட்டுமே. அந்த ஒரு நாள் நாங்களும் காலேஜ்தான்.

பெரிய காலேஜ் பிள்ளைகளுக்கு மண்டலம், மாநிலம் என்று எத்தனையோ போட்டி இருந்தது. எங்களைக் கூப்பிட ஆளில்லை. அதனால் ஐந்து பி.டி. சார்களும் பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் பேசி இதை ஆரம்பித்தார்கள். நான்கு காலேஜுக்குக் கம்மியாக வந்தால் போட்டி கிடையாது என்பது மட்டும்தான் எழுதி வைத்த விதி. மற்றதெல்லாம் வாய்ப்பேச்சு. தக்காளி சாதம் பொட்டலத்தில் வரும். பாலிடெக்னிக்காரர்கள் ஷூ போட்டு வருவார்கள், நாங்கள் வெறுங்காலில் ஓடுவோம். ஆசிரியர் பயிற்சிப் பெண்கள் குண்டு எறிந்தால் ஆம்பிளைப் பிள்ளைகள் வேறு பக்கம் பார்ப்போம். அவ்வளவு தூரம் போகும்.

போட்டி ஆரம்பித்த முதல் வருஷம் சுண்ணாம்புக் கோடு போட்ட சார் கபடிக்காரர். ஓட்டம் எந்தப் பக்கமாக என்று அவருக்கும் தெரியாது. பிள்ளைகள் தாமாகவே வலப்பக்கமாகச் சுற்றினார்கள். கோயிலை அப்படித்தான் சுற்றுகிறோம், மலையை அப்படித்தான் சுற்றுகிறோம், மைதானத்தை மட்டும் வேறு பக்கமாகச் சுற்ற யாருக்குத் தோன்றும்? யாரும் கேட்கவில்லை. அதுவே பழக்கமாகிவிட்டது.

மைதானம் சின்னது, ஒரு சுற்று இருநூறு மீட்டர்தான். என் ஓட்டம் ஆயிரத்து ஐந்நூறு மீட்டர். கணக்குப் போட்டால் ஏழரைச் சுற்று வரும். அதனால் அந்த ஓட்டத்துக்கே பெயர் 'ஏழரை'. மைக்கில் பெயர் படித்தாலே கூட்டம் கத்தும்: "டேய், ஏழரை ஆரம்பிக்குதுடா, ஒதுங்கி நில்லுங்க!"

முதலாம் வருஷம் படிக்கும்போது அந்த ஏழரையில் நான் இரண்டாவதாக வந்தேன். ஜெயித்தவன் கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் ஆசிரியர் பயிற்சியில் படித்தவன். மல்லாட்டைப் பயிர் போடும் வீட்டுப் பிள்ளை, மெலிந்த உடம்பு. கடைசி வளைவு வரை தோளோடு தோளாக வந்தோம். அங்கே நான் அரை அடி வெளியே போனேன், அவன் உள்ளே புகுந்துவிட்டான். ஒரு கை நீளத்தில் போயிற்று. முடித்ததும் இரண்டு பேரும் தரையில் கிடந்தோம். அவன்தான் முதலில் பேசினான்.

"இன்னா மச்சான், வளைவுல எனக்கு கேட்டு தொறந்து வுட்டியே?"

"அடுத்த வருஷம் மூடி வைக்கறேன், வா."

"வர்றேன். நீ வராம போயிடாத."

அந்த ஒரு பேச்சுதான். ஒரு வருஷம் முழுக்க விடியற்காலையில் எழுந்து ஏரிக்கரைப் பக்கம் ஒரே ஒரு வளைவை மட்டும் ஓடிப் பழகினேன். வலப்பக்க வளைவு. உடம்பை எவ்வளவு சாய்க்க வேண்டும், எந்தக் காலை எங்கே வைக்க வேண்டும், எல்லாம் காலுக்கே தெரிந்துவிட்டது. அவனோடு இன்னொரு முறை ஓட வேண்டும். அந்த வயதில் எனக்கு வேறு ஆசை இருந்ததாக ஞாபகமே இல்லை.

அந்த வருஷத்துக்குள் ஒரு ஆசிரியர் பயிற்சிப் பள்ளியை மூடிவிட்டார்கள். படித்தவர்களுக்கு வேலை இல்லை என்றதும் சேர ஆளில்லை. மிச்சம் நான்கு. பாலிடெக்னிக்குக்குப் புதிதாக ஒரு பி.டி. சார் வந்தார். முறையாக ஓட்டம் படித்தவர். போட்டிக்கு முன்னால் கூட்டம் போட்டார்கள். காலேஜுக்கு ஒரு சார், ஒரு மாணவன். எங்கள் ஐ.டி.ஐ.க்கு நான் போனேன். அவனும் அவன் காலேஜுக்காக வந்திருந்தான்.

புது சார் எழுந்து, "உலகம் முழுக்க இடது கை உள்பக்கம் இருக்கற மாதிரிதான் ஓடறாங்க. இந்தப் பிள்ளைங்க வேற மைதானத்துக்குப் போனா வளைவுல தடுமாறுதுங்க. இந்த வருஷம் மாத்தலைன்னா எங்க பசங்க வரமாட்டாங்க" என்றார்.

எங்கள் சார் சிரித்துக்கொண்டே, "பீச்சாங்கை பக்கமா?" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

காலேஜுக்கு ஒரு கை என்று ஓட்டெடுப்பு வைத்தார்கள். பாலிடெக்னிக் இடப்பக்கம். கீழ்பென்னாத்தூர்க்காரனும் இடப்பக்கத்துக்கே கை தூக்கினான். "எந்தப் பக்கமா இருந்தா இன்னா சார், ஓடினா போதும்" என்றான். இன்னொரு ஐ.டி.ஐ. வலப்பக்கம். எங்கள் சார் என்னைப் பார்த்து, "ஓடறவன் நீதானே, நீயே சொல்லு" என்று விட்டுவிட்டார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நம்ம ஊர்ல மலையை வச்சிக்கினு எதிர்ப்பக்கமா எப்படி சார் சுத்தறது?" என்றேன். வாயில் மலை இருந்தது, மனதில் இருந்தது அந்த வளைவு. ஒரு வருஷம் பழகியது வீணாகிவிடுமே என்ற பயம். வலப்பக்கத்துக்குக் கை தூக்கினேன். இரண்டுக்கு இரண்டு. அப்படியானால் பழைய வழக்கமே இருக்கட்டும் என்றார்கள்.

புது சார் ஃபைலை மூடிக்கொண்டு எழுந்து போனார். மூன்று காலேஜ் வைத்துப் போட்டி கிடையாது. அந்த வருஷம் நடக்கவில்லை, அதற்கப்புறமும் நடக்கவில்லை. வாசலில் சைக்கிளை எடுக்கும்போது அவன் என்னைப் பார்த்தான். ஏறி மிதித்துக் கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் போய்விட்டான்.

பிறகு வேலை, கல்யாணம், நீங்கள். லாட்ஜ்களில் வயரிங் வேலைக்குப் படியேறும்போதுகூடச் சில நாள் தோன்றும். அன்றைக்கு இடது பக்கம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மூன்று கை ஆகியிருக்கும். போட்டி நடந்திருக்கும். வளைவில் திரும்பவும் தடுமாறித் தோற்றிருப்பேன். தோற்றிருந்தால்தான் என்ன?

போன வாரம் அவனைப் பார்த்தேன். கலெக்டர் ஆபீஸ் எதிரில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். ஒரு பள்ளிக்கூட வேனை ஓரம்கட்டி இறங்கினான். தலை நரைத்துத் தொப்பை வைத்துவிட்டது. நடையில் கண்டுபிடித்தேன்.

"ஏழரை!" என்றேன்.

திரும்பிப் பார்த்து, "யோவ், கேட்டு தொறந்தவனே!" என்று கையைப் பிடித்துக்கொண்டான்.

வாத்தியார் வேலை கிடைக்கவில்லையாம், வேன் ஓட்டுகிறான். ஓடுகிறாயா என்று கேட்டேன். "வேன்தான் ஓடுது" என்றான். மனதில் கிடந்ததை அவனிடம் சொல்லிவிட்டேன். என் கையால்தான் அஞ்சு காலேஜ் நின்றது, நம் ஓட்டமும் போயிற்று என்றேன்.

அவன் டீயைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான்.

"உன்னாலயா? அட போப்பா. கூட்டம் முடிஞ்சி நான் போய்ச் சேரறேன், எங்க ஆபீஸ் ரூம்ல லெட்டர் வந்து கெடக்குது. அந்த மாசத்தோட எங்களையும் மூடறாங்களாம். போட்டித் தேதிக்கு முன்னாடியே எங்களை வேற ஊருக்கு அனுப்பிட்டாங்க. நீ எந்தப் பக்கத்துக்குக் கையைத் தூக்கியிருந்தாலும் நாங்க வந்திருக்க மாட்டோம். அப்பவும் மூணு காலேஜ்தான்."

பள்ளிக்கூடம் விடும் நேரமாகிவிட்டது என்று வேனில் ஏறிக் கிளம்பினான்.

நியாயமாகப் பார்த்தால் எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. இத்தனை வருஷமும் தப்பு என் பேரில் இருந்தது. ஆனால் நான் ஒரு வார்த்தை மாற்றிச் சொல்லியிருந்தால் அந்த ஓட்டம் நடந்திருக்கும் என்று நம்பவும் இடம் இருந்தது. இப்போது எப்படி யோசித்தாலும் அது நடக்கவில்லை.