நேற்றைய சோறு

1996ஆம் ஆண்டு நாட்குறிப்பில், ஜூலை மாதத்துச் சனிக்கிழமை ஒன்றின் பக்கத்தில் இப்படி எழுதியிருக்கிறேன்: "காலை 11.10. பக்கத்து வீட்டம்மா வந்தார். சோறு சூடாக இருக்கிறதே என்று கவலைப்பட்டார்." திகதியின் மேல் சோயா சோஸ் சிந்தியிருப்பதால் எந்தச் சனிக்கிழமை என்று வாசிக்க முடியவில்லை.

நாங்கள் புலம்பெயர்ந்து வந்து குடியிருந்த லின்ஃபீல்டில் எங்களுக்கு அடுத்த வீட்டில் இருந்தவர் தென் சீனாவிலிருந்து வந்த ஓர் அம்மா. எங்கள் மகளின் பத்தாவது பிறந்தநாளுக்குத் தானே வந்து ஃபிரைட் ரைஸ் செய்து தருவதாகச் சொல்லியிருந்தார். மகள் அதை வகுப்பு முழுவதும் சொல்லிவிட்டாள். ஒரு மணிக்குப் பதினான்கு பிள்ளைகள் வருவார்கள். வழக்கமான சோறும் கறியும் வைத்தால் அறையை விட்டே வரமாட்டேன் என்றும் அறிவித்திருந்தாள்.

அந்த அம்மா கேட்டது ஒன்றுதான்: வெள்ளிக்கிழமையே சோறு சமைத்து ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். என் மனைவியும் சமைத்து வைத்தார். சனி காலை அவருக்கு மனம் கேட்கவில்லை. அத்தனையையும் தோட்டத்து உரக்குழியில் கொட்டிவிட்டு, புதிதாக உலை வைத்து, கஞ்சி வடித்து, ஆவி பறக்க இறக்கினார்.

"அவ சொன்னவ எல்லே?" என்றேன்.

"ஓம், சொன்னவதான். அதுக்காக வீடு தேடி வாற பிள்ளையளுக்குப் பழஞ்சோறே குடுக்கிறது? தாய்மார் கேள்விப்பட்டா என்னப்பா நினைப்பினம்?"

பெரிய இரும்புத் தாச்சிச் சட்டியோடு வந்த பக்கத்து வீட்டம்மா பானையின் மூடியைத் திறந்தார். மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்தது. கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"அம்மா! ஷீ டோல்ட் யூ!" என்று மகள் அழத் தொடங்கினாள்.

அந்த அம்மா ஆங்கிலத்தில் பொறுமையாக விளக்கினார். புதுச்சோறு உப்பில்லாமல், மீனோடும் கீரையோடும் உண்பதற்கு. அவர்கள் வீட்டில் அதுதான் சாப்பாடு, மற்றதெல்லாம் அதற்குத் துணை. தாச்சியில் பொரிக்க மட்டும் முதல்நாள் சோறு வேண்டும். குளிரில் இருந்து ஈரம் வற்றினால்தான் பருக்கைகள் ஒட்டாமல் பிரியும். இந்தச் சோற்றைப் போட்டால் களிதான் வரும். "விருந்தாளிகள் என்பதால்தான் நேற்றே சமைக்கச் சொன்னேன்," என்று முடித்தார். காற்றில் உலர்த்திப் பார்ப்போம் என்று மனைவி பானையைத் தூக்கினார்.

வீட்டின் பின்புற மரத்தள டெக்கில் துவைத்த வேட்டியொன்றை விரித்துச் சோற்றை மெல்லிதாகப் பரப்பினோம். தெற்குக் காற்று நன்றாகவே வீசியது. நான் ஒரு கையால் பத்திரிகையை விசிறி, மறு கையால் சிட்டுக்குருவிகளைத் துரத்தினேன்.

"இஞ்சேருங்கோ, குருவிக்கு விசிறாதேங்கோ, சோத்துக்கு விசிறுங்கோ!" என்று மனைவி ஜன்னலிலிருந்து கத்தினார். மகளுக்கு அழுகைக்கு நடுவே சிரிப்பு வந்துவிட்டது.

பன்னிரண்டு மணிக்கு அந்த அம்மா, எங்கள் மின்னடுப்பின் சூடு போதாது, தன் காஸ் அடுப்புத்தான் சரி என்று, வேட்டியோடு சோற்றை அள்ளி, தாச்சியையும் எடுத்துக்கொண்டு தன் வீட்டுக்குப் போனார். ஒரு மணிக்குத் தாச்சி நிறைந்து வந்தது. முட்டை, பட்டாணி, வெங்காயத்தாள். பருக்கைகள் பொலபொலவென்று உதிர்ந்தன. பிள்ளைகள் இரண்டாம் தரமும் கேட்டார்கள். மகள் தானே கரண்டி பிடித்துப் பரிமாறினாள்.

"பாத்தியளே? புதுச்சோத்திலயே வந்திட்டுது," என்றார் மனைவி.

எனக்கு அவ்வளவு உறுதியில்லை. அந்த அம்மாவின் வீடு எட்டுப் பேர் இருந்த வீடு; ஃபிரிட்ஜில் எப்போதும் முதல்நாள் சோறு ஒரு பானை இருக்கும். இரண்டு வீட்டிலும் ஒரே தாய்லாந்து அரிசி என்பதால் பருக்கையைப் பார்த்துச் சொல்லவும் வழியில்லை. எந்தச் சோற்றைப் பொரித்தார் என்று பிறகு வேலியருகே கேட்டேன். அந்த அம்மா சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டார். அன்று நாங்கள் உண்டது எந்த நாளின் சோறு என்பது இன்றுவரை உறுதிப்படவில்லை.