சலீமின் தாளத்தை வெட்டி அடுக்கிய ஜரீனா

சாங்கி விமான நிலையத்துக்கு வேலைக்குப் போகும் பேருந்தில் இருந்தபோது ஜரீனாவின் நாத்தனார் அழைத்தார். “மலர், ஜரீனா போயிட்டா. தூக்கத்துலயே. நீ ஈசூன் வீட்டுக்கு வந்துடு” என்றார். அடுத்த நிறுத்தத்தில் இறங்கினேன்.

அங்கே போன பிறகுதான் முழுதும் தெரிந்தது. காலையில் கண் விழித்த அவள் கணவர் சலீம், பக்கத்தில் படுத்திருந்தவள் அசையவில்லை என்று உணர்ந்திருக்கிறார். பக்கவாதம் வந்த பிறகு அவரால் தானாக எழ முடியாது. கைபேசியோ கூடத்தில் இருந்தது. இடது கையால் சுவரைத் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறார். ஜரீனாவின் இசைச் சத்தம் தாங்கவில்லை என்று பலமுறை சண்டை போட்ட பக்கத்து வீட்டுப் பெண்மணிதான் அதைக் கேட்டு, கதவைத் திறக்க ஆள் அழைத்திருக்கிறார்.

நானும் ஜரீனாவும் விமானச் சரக்கு அலுவலகத்தில் அடுத்தடுத்த மேசைகளில் இருந்தவர்கள். அங்கே அவளுடைய இசையைப் பற்றி அறிந்தவர்கள் குறைவு. பாட்டில் மற்ற வாத்தியங்கள் ஓய்ந்து டிரம்ஸ் மட்டும் தனியே ஒலிக்கும் சில வினாடிகளை ‘பிரேக்’ என்பார்கள். அதைக் கணினியில் துண்டு துண்டாக வெட்டி, வரிசை மாற்றி அடுக்கி, வேறொரு தாளமாக்குவதுதான் அவள் செய்தது. அவள் வெட்டியது ஒரே ஒருவரின் வாசிப்பை. சலீம் திருமண மேடைகளிலும் தீபாவளி மேடைகளிலும் டிரம்ஸ் வாசித்தவர். அந்தப் பதிவுகளில் எல்லாம் பாடகர்களின் குரல் அவரை மூடியிருந்தது. சிராங்கூன் சாலையில் ஒரு மாடி அறையில், புதிய மைக்கைச் சோதிக்க அவர் தனியாக வாசித்த சில வினாடிகள் மட்டும் தெளிவாகக் கிடைத்தன. அவள் அதைத் தேடி எடுப்பதற்குள் பக்கவாதத்தில் அவருடைய வலது கை செயலிழந்துவிட்டது.

முதலில் அவள் சமையலறை மேசையில், காதில் ஹெட்ஃபோனோடுதான் வேலை செய்வாள். ஒரு சனிக்கிழமை நான் அங்கே இருந்தபோது அதன் வயர் கழன்று, சத்தம் வெளியே வந்துவிட்டது. படுக்கையறையிலிருந்து சலீம் கத்தினார்.

“என் கையை ஏன் இப்படி வெட்டி வெட்டிப் போடுற?”

“இது ஒண்ணுதான் இருக்கு. வேற என்ன இருக்கு எனக்கு?” என்று இவளும் கத்தினாள்.

பிறகு அவர் உள்ளிருந்தே, “ஸ்னேர் டிரம்மைத் தட்டுறதுக்கு முன்னாடி கொஞ்சம் இடம் விட்டிருப்பேன். அதையும் சேர்த்து வெட்டிட்ட. அதான் நொண்டுது” என்றார். ஜரீனா சக்கர நாற்காலியை எடுக்க எழுந்து போனாள். அன்றிலிருந்து அவரும் மேசைக்கு வந்தார்; இருவரும் கேட்க, ஸ்பீக்கரில் சத்தமாக ஓடியது.

அவள் இணையத்தில் ஏற்றியிருந்ததைக் கேட்டு, வெளிநாட்டில் ஒரு மாதம் தங்கி இசையமைக்க அவளுக்கு ஓர் அழைப்பு வந்தது. “போ லா, நான் பாத்துக்கிறேன்” என்றார் சலீம். “எப்படிப் பாத்துக்குவீங்க?” என்று கேட்டாள். அந்த ஒரு மாதம் நர்சிங் ஹோமில், பராமரிப்பு இல்லத்தில், இருக்கலாமே என்று அவள் பேச்சை எடுத்ததும் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் போகவில்லை. அலுவலகக் கேன்டீனில் என்னிடம் சொன்னாள்: “நான் நல்லவ இல்ல மலர். கதவைத் திறந்துட்டு ஓடிடணும்போல இருக்கு. டெய்லி.”

தஞ்சோங் பகாரில் ஒரு சிறிய மாடி அரங்கில், ஞாயிறு பிற்பகல், அவள் முதன்முதலாக ஆட்கள் முன் தன் கணினியோடு வாசித்தாள். சலீமை மேடை அருகே உட்கார வைத்திருந்தோம். நடுவில் தாளம் வேகமெடுத்தது. எந்த மனிதக் கையாலும் வாசிக்க முடியாத வேகம். இளைஞர்கள் குதித்தார்கள். சலீம் நாற்காலியைத் திருப்பப் பார்த்தார். சுற்றிலும் கூட்டம், வழி இல்லை. அவர் முகத்தைப் பார்த்த ஜரீனா இசையைச் சட்டென்று நிறுத்திவிட்டு இறங்கி வந்து, கூட்டத்தை விலக்கி, அவரை லிஃப்ட் அருகே தள்ளிக்கொண்டு போனாள். நானும் பின்னால் ஓடினேன்.

“கை என்னோடது. ஆனா எனக்கு அதுல வேலையே இல்ல” என்றார் அவர். அழுதுகொண்டிருந்தார்.

அவள் அவர் முன்னால் தரையில் உட்கார்ந்தாள். “எனக்கும் அந்த வீட்ல அப்படித்தாங்க இருக்கு. மூச்சு முட்டுது.”

அதை அவள் அவரிடம் சொன்னது அதுதான் முதல் முறை. லிஃப்ட் வந்தது, திறந்தது, மூடியது. இருவரும் ஏறவில்லை.

“உள்ள போலாம். பாதியில நிறுத்துறது டிரம்மருக்கு அழகில்ல” என்றார் சலீம்.

போனார்கள். அவள் கடைசிவரை வாசித்தாள். அதனால் எதுவும் மாறிவிடவில்லை. மறுநாளும் வேலை முடிந்ததும் அவரைக் குளிப்பாட்ட ஓடினாள். அழைப்புகள் வந்தன, மறுத்தாள். ஒன்று மட்டும் சொல்லலாம்: அதன்பிறகு அவள் அவரிடம் எரிச்சலை மறைக்கவில்லை, அவரும் மறைக்கவில்லை.

அடக்கத்துக்குப் பின் வீட்டுக்கு வந்தவர்கள் அவளைப் பொறுமைசாலி என்றார்கள். சலீம் என் பக்கம் திரும்பி, “பொறுமையா? என்னமா கத்துவா!” என்றார். அந்த வீட்டில் அன்று நான் கேட்ட ஒரே உண்மை அது.

அவளைத் தெரிந்தவர்களே, அவளைத் தியாகியாக்கிவிடாதீர்கள். அவள் போக விரும்பினாள், தினமும். தினமும் இருந்தாள். இரண்டில் ஒன்றை வெட்டி எறிய என்னால் முடியாது. இரண்டையும் சேர்த்தே வைத்துக்கொள்கிறேன்.