ஆல்வின் நனைத்த மனை

எல்லிஸ் கவுண்டியில் ஆகஸ்ட் மாதம் செடிக்குத் தண்ணீர் விடாத சோம்பேறிகள்கூட வீட்டுக்குத் தண்ணீர் விடுவார்கள். சுவரோரம் துளை போட்ட ரப்பர் குழாயைப் போட்டு, அடியிலிருக்கும் கரிசல் காய்ந்துவிடாமல் பார்த்துக்கொள்வார்கள். அந்த மண் நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். மேலே நிற்கும் வீட்டைப் பற்றி அதற்குக் கவலை கிடையாது.

லிடியா மாரெக்குக்கு அந்த மண்தான் பிழைப்பு. யாராவது வீடு கட்டுவதென்றால் துளையிடும் லாரியோடு போய், இரும்புக் குழாயில் மண்ணை உருவி லேபுக்கு அனுப்புவாள். அங்கே அதில் தண்ணீர் ஊற்றி எவ்வளவு உப்புகிறது என்று பார்ப்பார்கள். அதை வைத்துத்தான் இன்ஜினியர் அடித்தளத்தை முடிவு செய்வார். ஐம்பதைத் தாண்டியவள், விவாகரத்தானவள், ஊரறிந்த வாயாடி. கூட வேலை செய்யும் சிப்ரியானோ, இன்ஜின் சத்தத்தில்தான் தனக்குக் கொஞ்சம் நிம்மதி என்பான்.

அவள் தம்பி ஆல்வின் முதல் வீட்டை மண்ணைப் பார்க்காமலே கட்டினான். “மண்ணுக்கு எதுக்கு டெஸ்ட்டு? அதுக்கென்ன சுகரா?” என்று சிரித்தான். சில வருடங்களில் தரை மேடும் பள்ளமுமானது, கதவுகள் சாத்த மறுத்தன. ஒரு கிறிஸ்துமஸ் விருந்தில் எல்லோர் முன்னாலும் லிடியா அதைக் கிண்டல் செய்தாள். அன்றோடு அக்கா தம்பி பேச்சு நின்றது. ஒரே சர்ச்சுக்குப் போய் எதிரெதிர் ஓரங்களில் உட்கார்ந்தார்கள்.

வருடங்கள் கழித்து அவனே போன் செய்தான். “அக்கா, புதுசா ஒரு மனை வாங்கியிருக்கேன். நீயே வந்து மண்ணு எடுத்துக் கொடேன்.”

மண் தோண்டப் போகிறவள் அன்று சட்டைக்கு இஸ்திரி போட்டாள். தம்பிக்கென்று கசகசா வைத்த கொலாச்சி பன் ஒரு பெட்டி வாங்கினாள். சிப்ரியானோ அதைத் தொடப் போனபோது கையில் ஒன்று போட்டாள்.

சுற்றுவட்டாரமே கை நுழைகிற அளவுக்கு வெடித்துக் கிடந்தது. ஆல்வினின் மனையில் நடுப்பகுதி மட்டும் கறுப்பாகப் பளபளத்தது. குழாய் வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கியது. வெளியே வந்த மண்ணை லிடியா அழுத்தினாள். கட்டைவிரல் முழுக்க உள்ளே போனது.

“டேய், தண்ணி விட்டியா?”

“பின்ன? ஒரு வாரமா ஹோஸ் ஓடுது. காஞ்ச தரையில மிஷின் திணறும், அக்காவுக்கு இடுப்பு போயிடும்னு போன்ல சிப்ரியானோதான் சொன்னாரு. உனக்குச் சுலபமா இருக்கட்டும்னுதான்.”

சிப்ரியானோ குனிந்து பூட்ஸ் கயிற்றைக் கட்ட ஆரம்பித்தான்.

வயிறு முட்டக் குடித்த மண் லேபில் இன்னும் எவ்வளவு குடிக்கும்? சாதுவாகக் கிடக்கும், நல்ல மண் என்று பெயர் வாங்கும். வீடு கட்டி, அது காய்ந்து மறுபடி நனையும்போதுதான் சுயரூபம் தெரியும். பேசாமல் எடுத்துக்கொண்டு போனால் தம்பி இன்று சிரித்த முகத்தோடு வழியனுப்புவான். வேண்டாமென்றால் இன்னும் எத்தனை வருடமோ? அவளுக்குப் பயமாக இருந்தது.

“இந்த மண்ணு ஆகாதுடா. நனையாத இடத்துல எடுக்கணும்.”

“நான் எது செஞ்சாலும் உனக்குத் தப்பு, இல்ல?” ஆல்வின் பிக்கப்பில் ஏறிக் கதவை அறைந்து சாத்தினான். ஆனால் வண்டியைக் கிளப்பவில்லை.

லிடியா மனையின் ஓரத்தில், ஈரம் முடியும் இடத்தைத் தாண்டி லாரியை நிறுத்தினாள். இறுகிய தரையில் லாரியே குலுங்கியது. ஒரு குழாயின் வாய் நசுங்கியது, வேறொன்றை மாட்டினாள். அழுகை வந்தது. சிப்ரியானோ பார்த்துவிடாமல் இன்ஜினைத் திட்டித் தீர்த்தாள்.

கடைசிக் குழாயை உருவும்போது பக்கத்தில் ஆல்வின் நின்றான். வெளியே வந்த மண் கல் மாதிரி இருந்தது. அவன் நகத்தால் கீறிப் பார்த்தான். கீறல் விழவில்லை.

“இது எவ்வளவு உப்பும்?”

“லேபு சொல்லட்டும். ஆனா அஸ்திவாரத் தூணெல்லாம் ரொம்ப ஆழமா இறக்கச் சொல்லுவாங்க. செலவு எகிறும்டா.”

“எகிறட்டும்.” அவன் குழாயின் மறுமுனையைத் தூக்கினான். அவளைப் பார்க்காமல் சொன்னான்: “அந்த முதல் வீட்டுக்கே உன்னைக் கூப்பிட்டிருக்கணும்க்கா.”

லிடியாவுக்குக் கிண்டல் ஒன்று நாக்கு நுனி வரை வந்தது, விழுங்கிக்கொண்டாள். “மெதுவா, கால்ல போட்டுக்காத” என்று மட்டும் சொன்னாள்.