உச்சியில் ஒரு கை எண்ணெய்

கிருஷ்ணவேணிக்கு மசாஜ் தொழிலில் வாய்த்த ஒரே தொல்லை, கணவர் ரகுநாதன். பிடிப்பு, சுளுக்கு எல்லாம் அவள் கைக்குப் பணிந்தன. அந்த மனுஷருடைய கூச்சம் மட்டும் பணியவில்லை.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. எழுபத்தாறாம் வருஷத்து டொராண்டோவில் மசாஜ் என்றாலே யங் தெருவின் சிவப்பு விளக்குக் கடைகள்தான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். அதனால் அவர்கள் குடியிருந்த டோர்செட் பார்க்கில் பக்கத்து ஃபிளாட் ஸ்ரீநிவாசனிடம், "அவ ஏதோ ஆஸ்பத்திரி கோர்ஸ் படிக்கிறா" என்று பூசி மெழுகியிருந்தார். வீட்டிலோ, "மசாஜ் போர்டு லைசென்ஸ் வரட்டும் வேணி, அப்புறம் ஊருக்கே சொல்றேன்" என்பார். அவளுக்குச் சுருக்கென்று இருக்கும். ஆனாலும் லைசென்ஸ் இல்லாமல் கிளினிக்கில் ஒரு முதுகைக்கூடத் தொட முடியாது. வாயை மூடிக்கொண்டு இரண்டு வருஷம் படித்தாள்.

எழுத்துப் பரீட்சையில் எலும்பு, தசை எல்லாவற்றையும் வெளுத்து வாங்கினாள். செய்முறைப் பரீட்சைக்குப் போர்டிலிருந்து வந்த வெள்ளைக்கார அம்மாள் தானே நோயாளியாகக் கட்டிலில் குப்புறப் படுத்தாள். கிருஷ்ணவேணி கை கழுவினாள், துணியை ஒழுங்காகப் போர்த்தினாள், உள்ளங்கையில் எண்ணெய் ஊற்றினாள். அங்கேதான் வந்தது வினை. எண்ணெய் என்றால் முதலில் உச்சியில் வைப்பதுதானே நம் வழக்கம்? பதற்றத்தில் கை தானாகப் போய், அம்மாள் அன்று காலைதான் சலூனில் சுருட்டிவிட்டு வந்த தலையில் சப், சப், சப் என்று மூன்று தட்டு தட்டிவிட்டது.

இரண்டு வருஷமும் எண்ணெயோடு போயிற்று என்று அவளுக்குக் கண் கலங்கியது.

"தலை பாடத்திலேயே இல்லையே" என்றாள் அம்மாள், திரும்பாமல்.

"மன்னிச்சுக்கணும். எங்க வீட்டுல அங்கேதான் ஆரம்பிப்போம்."

"சரி, முதுகுக்கு வா."

வந்தாள். கால்மணி நேரத்தில் அம்மாளிடமிருந்து லேசான குறட்டை வந்தது.

மூன்று வாரத்தில் லைசென்ஸ் வந்தது. ரகுநாதன் தாமே கண்ணாடிச் சட்டம் போட்டு, கூடத்தில் மாட்ட ஆணி தேடினார். "இது நான் வேலைக்குச் சேரப்போற கிளினிக் சுவருக்கு. கிளம்புங்க" என்றாள் கிருஷ்ணவேணி.

சட்டத்தைத் தூக்கிக்கொண்டு லிஃப்டில் ஏறினால், உள்ளே ஸ்ரீநிவாசன்.

"என்ன சார், சாமி படமா?"

ரகுநாதன் தொண்டையைச் செருமினார். "லைசென்ஸ். என் வொய்ஃப் மசாஜ் பண்றா."

"ஆஸ்பத்திரி கோர்ஸ்னு சொன்னீங்களே?"

கிருஷ்ணவேணி கணவரைப் பார்த்தாள்.

"பொய் சொன்னேன் சார்" என்றார் ரகுநாதன். "அவ முதல்லேர்ந்தே இதைத்தான் படிச்சா."