எந்த அங்கன?

போன வெள்ளிக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டு டெலிபோன் அடித்தது. அடித்தால் எடுத்துப் பேச வேண்டியதுதானே? எனக்கு அது அவ்வளவு லேசில்லை. ரிசீவரைத் தொடுவதற்குள் யார் யாருக்கு என்னென்ன ஆகியிருக்கும் என்று சொந்தபந்தம் முழுக்க ஒரு சுற்று சுற்றி வந்துவிடுவேன். வாராவாரம் என்னைப் படிக்கிறவர்களுக்கு இது புதிதில்லை.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பேசியது என் தங்கை. கோமதி என்று வைத்துக்கொள்ளுங்கள். பாங்கில் வேலை. அவளும் அவள் வீட்டுக்காரரும் — அவரைச் செல்வம் என்று வைத்துக்கொள்வோம் — பிரிந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. கோர்ட்டு, வக்கீல் எல்லாம் ஏறி இறங்கியாயிற்று. ஒரே ஊர்தான், ஆனால் அவள் ஒரு மூலையில், தச்சநல்லூரில்; அவர் இன்னொரு மூலையில், பேட்டையில். நடுவில் இரண்டாம் வகுப்புப் படிக்கிற ரம்யா.

(இரண்டு பேரிடமும் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். பெயரை மட்டும் மாற்றச் சொன்னார்கள்.)

ஏற்பாடு இதுதான். வாரம் முழுக்க அம்மா வீடு. வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் அப்பா ஸ்கூட்டரில் வந்து கூட்டிக்கொண்டு போவார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கொண்டுவந்து விடுவார்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பிள்ளை என்ன பார்சலா? காய்ச்சல் வரும், பரீட்சை வரும். செருப்பு ஒரு வீட்டில் கிடக்கும், ஸ்வெட்டர் இன்னொரு வீட்டில் கிடக்கும். தினமும் ஏதாவது ஒரு சேதி சொல்லியே ஆக வேண்டும். சொல்ல வேண்டிய இரண்டு பேரும்தான் பேசிக்கொள்வதில்லையே... அப்புறம் எப்படி?

இருக்கவே இருக்கிறது, வண்ணார்பேட்டையில் என் வீட்டு டெலிபோன். கோமதி பாங்கிலிருந்து எனக்குச் சொல்வாள். செல்வத்தின் லேத் பட்டறையில் போன் கிடையாது. பக்கத்துக் கம்பெனிக்குப் போன் போட்டு, அவரைக் கூப்பிடச் சொல்லி, நான் சேதியைச் சொல்வேன். அவர் சொல்வதைத் திரும்பக் கோமதிக்குச் சொல்வேன். ஒன்பதாம் வகுப்போடு நின்றுபோனவளுக்கு எந்த ஆபீஸில் வேலை கொடுப்பார்கள்? கூடப்பிறந்தவள் கொடுத்தாள், டெலிபோன் ஆபரேட்டராக.

இந்த வேலையில் நான் ரொம்பக் கறார். ஒரு சொல்லைக் கூட்ட மாட்டேன், ஒரு சொல்லைக் குறைக்க மாட்டேன். கூட்டினால் சண்டை வருமோ என்று பயம். குறைத்தாலும் வருமோ என்று பயம்.

ஆக, வெள்ளிக்கிழமை. வெளியே நல்ல மழை. கோமதி அவசரத்தில் இருந்தாள். மதுரையில் திடீரென்று டிரெய்னிங் போட்டுவிட்டார்களாம். பாங்கிலிருந்து அப்படியே பஸ் ஏறுகிறாளாம். திங்கட்கிழமைதான் திரும்புவாளாம். கடைசியாக, "திங்கக்கிழமை வரைக்கும் ரம்யா அங்கனயே இருக்கட்டும்க்கா, அவங்ககிட்ட சொல்லிரு" என்று வைத்துவிட்டாள்.

டிரெய்னிங் சமாசாரம் எனக்குச் சொன்னது. அவருக்குச் சொல்லச் சொன்னது அந்தக் கடைசி வரி மட்டும்தானே? பேட்டைக்குப் போன் போட்டேன். செல்வம் வந்தார். "திங்கக்கிழமை வரைக்கும் ரம்யா அங்கனயே இருக்கட்டும்னு கோமதி சொன்னா" என்றேன். அட்சரம் பிசகவில்லை.

 "சரி மதினி" என்றார். அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை என்றால் அவர் குரலே வேறு மாதிரி இருக்கும். கூட ரெண்டு வார்த்தை பேசுவார். அன்றைக்கு அந்தச் 'சரி'யில் ஒரு சரியும் இல்லை. என்னவாக இருக்கும்? உடம்புக்கு முடியவில்லையோ? பட்டறையில் ஏதும் அடிபட்டிருக்குமோ? மழையோ விடுகிற மாதிரி இல்லை. ஸ்கூட்டரில் முன்னால் நிற்கிற பிள்ளை நனைந்து, சளி பிடித்து, அது நெஞ்சுக்கு இறங்கி...

ஐந்து மணிக்கு மேல் என்னால் முடியவில்லை. மறுபடியும் டெலிபோன் பக்கம் போனேன். எங்கள் வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே, "ஏளா, இப்ப எந்த ஆஸ்பத்திரிக்குப் பேசப் போற?" என்றார். பேட்டை நம்பரைச் சுழற்றினேன். செல்வம் வந்தார்.

"பிள்ளை நனைஞ்சிட்டாளா? தலையைத் துவட்டி விட்டீங்களா?"

"எதுக்குக் கேக்குதீங்க மதினி? பிள்ளை அங்கனயே இருக்கட்டும்னுதான சொன்னீங்க. நான் போகவே இல்லையே."

 பள்ளிக்கூடம் நாலு மணிக்கே விட்டாயிற்று. கோமதி மதுரை பஸ்ஸில் இருக்கிறாள்.

எங்கள் ஊர்ப் பேச்சில் 'அங்கன' என்றால் 'அங்கே'. கோமதி நிற்பது தச்சநல்லூர்ப் பக்கம். அவள் 'அங்கன' என்றால் பேட்டை. அதே சொல்லைப் பேட்டையில் நிற்கிறவர் காதில் அப்படியே கொண்டுபோய்ப் போட்டால்? அவருக்கு 'அங்கன' என்பது தச்சநல்லூர்! சொல் மாறவே இல்லை, பிள்ளைதான் ரெண்டு வீட்டுக்கும் இல்லாமல் தெருவில் நிற்கிறது.

ஆட்டோ பிடித்து ஜங்ஷன் பக்கம் உள்ள அந்தப் பள்ளிக்கூடத்துக்கு நான் போய்ச் சேருவதற்குள் என் மனசு என்னென்ன பார்த்தது என்று எழுதப் போவதில்லை. எனக்கு முன்னாலேயே செல்வம் வந்திருந்தார். ரெயின்கோட் கூட மாட்டாமல், தலை முதல் கால் வரை நனைந்துபோய்.

ரம்யா வராந்தாவில் ஆயாம்மாவுக்குப் பக்கத்தில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தச்சநல்லூரிலிருந்து வருகிற ஒரு பிள்ளையின் அம்மா தன்னோடு வரச் சொல்லிக் கூப்பிட்டார்களாம். மாட்டேன் என்று சொல்லிவிட்டாளாம். அப்பாவைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்துக்கொண்டு, "ஏன்ப்பா லேட்டு? இன்னைக்கு வெள்ளிக்கிழமைல்லா" என்றாள்.

 அவர் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டார். வாசலுக்கு வந்த பிறகு, பிள்ளைக்குக் கேட்காமல், என்னிடம் மட்டும் சொன்னார். "இனிமே கோமதி அனுப்பவே மாட்டான்னு நெனைச்சிட்டேன் மதினி. கேட்டா இன்னும் பெருசாகும். அதான் சரின்னுட்டேன்."

ஒரு மனிதர் தன் பிள்ளையை விட்டுக்கொடுத்திருக்கிறார், ஒரு கேள்வி கேட்கப் பயந்து. கேள்வி கேட்க அவருக்கு என்ன வழி இருந்தது? என்னிடம் கேட்க வேண்டும், நான் கோமதியிடம் கேட்க வேண்டும், அவள் என்னிடம் சொல்ல வேண்டும். அதற்கு 'சரி' சுலபம்.

திங்கட்கிழமை கோமதி வந்தாள். நடந்ததைச் சொன்னேன். நான் பயந்ததுதான் நடந்தது. "இனிமே பேட்டைக்கே அனுப்ப மாட்டேன், வக்கீலைப் பாக்கப் போறேன்" என்று எழுந்துவிட்டாள். நீ சொன்ன சொல்லைத்தானே நான் சொன்னேன் என்றேன். பேட்டை என்று நீ சொல்லியிருக்க வேண்டாமா என்றாள். அவள் சொல்வதும் நியாயம், நான் சொல்வதும் நியாயம். ஆனால் நாங்கள் இரண்டு பேர் நியாயம் பேசி என்ன பிரயோஜனம்?

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, பேட்டைக்குப் போன் போட்டேன். செல்வம் வந்ததும் ரிசீவரைக் கோமதி கையில் வைத்தேன். "இந்தச் சேதியை நான் சொல்ல மாட்டேன். நீயே சொல்லு." சொல்லிவிட்டு அடுப்பங்கரைக்கு ஓடிவிட்டேன். ஓடினேனே தவிர, காதை அங்கேயேதான் விட்டு வந்திருந்தேன்.

கோமதி சத்தமாகத்தான் ஆரம்பித்தாள். பிள்ளையை மழையில் நிறுத்தியது, பொறுப்பில்லாதது என்று வரிசையாக. அப்புறம் திடீரென்று நின்றுவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து... சிரிப்புச் சத்தம். எட்டிப் பார்த்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரிக்கிறாள்.

அவர் கேட்டது ஒரே ஒரு கேள்விதானாம். "எந்த அங்கன, கோமதி?"

அதற்கப்புறம் பேச்சு எங்கெங்கோ போனது. ரம்யாவுக்கு முன்பல் ஆடுவது, இருமல் மருந்து எத்தனை வேளை என்பது. இடையில், "வெண்டைக்காயா? சாப்பிடுதாளா? என்கிட்ட தொடவே மாட்டாளே" என்று கோமதி நிஜமாகவே கோபப்பட்டாள். ஒரு வருஷமாக நான் எத்தனையோ சேதி கொண்டுபோயிருக்கிறேன். ஒரு வெண்டைக்காயைக்கூட நான் கொண்டுபோகவில்லை.

யோசித்துப் பார்த்தேன். எத்தனை வீடுகளில் நம்மைப் போன்றவர்கள் நடுவில் நிற்கிறோம்... அக்காவாக, மாமாவாக, சிநேகிதராக. நல்ல எண்ணத்தில்தான் நிற்கிறோம். ஆனால் சொல்லைத்தான் தூக்கிக்கொண்டு போக முடியும். சொன்னவர் நின்ற இடத்தை எப்படித் தூக்கிக்கொண்டு போவது?

உடனே, 'இரண்டு பேரும் சேர்ந்துவிடுவார்களா?' என்று கேட்டுக் கடிதம் எழுத உட்காராதீர்கள். எனக்குத் தெரியாது. அவர்களுக்கும் தெரியாது என்றுதான் நினைக்கிறேன். பிள்ளை விஷயம் பேசிக்கொள்கிறார்கள். எனக்கு அது போதும்.

நேற்று, வியாழக்கிழமை, கோமதி பாங்கிலிருந்து நேரே இங்கே வந்தாள். பாங்கில் நாலு பேர் காது கொடுத்துக் கேட்கிறார்களாம். தானே நம்பரைச் சுழற்றினாள். "நாளைக்கு ரம்யா பேட்டைக்கு வாரா. ரெயின்கோட்டு பையில வச்சிருக்கேன்" என்றாள்.

இத்தனை நாளும் என்னிடம் 'ரம்யா பேட்டைக்குப் போறா' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். நடுவிலிருந்து நான் கொஞ்சம் விலகியதும், போகிற பிள்ளை வருகிற பிள்ளை ஆகிவிட்டது.