போன வருடத்து நாளை

சாலையில் மண் சரிந்து கிடக்கிறது என்று நேரலையில் சொன்னால் திரையில் இதயங்கள் பறக்கும். இன்னாரின் தகப்பனார் காலமானார், அடக்கம் மூன்று மணிக்கு என்றாலும் பறக்கும். முதல் மாதம் இதைக் கண்டு என் பார்வையாளர்களின் மனநிலை பற்றிக் கவலைப்பட்டேன். பிறகுதான் புரிந்தது. வந்துவிட்டோம் என்று தெரிவிக்க அவர்களிடம் இருப்பது அந்த ஒரு பொத்தான்தான்.

நான் இருபது வருடத்துக்கு மேல் ஒரு தமிழ் நாளிதழில் துணையாசிரியராக இருந்தவன். மனைவிக்கு இங்கே பள்ளியில் வேலை என்பதால் தேவிகுளத்துக்குச் சற்றுக் கீழே வீடு பார்த்துக்கொண்டோம். தினமும் மாலை ஏழு மணிக்குக் கைபேசியை அரிசி டப்பாவில் சாய்த்து வைத்து இருபது நிமிடம் பேசுவேன். எந்த எஸ்டேட் சாலையில் மரம் விழுந்திருக்கிறது, எங்கே மின்சாரம் இருக்காது, தாலூகா ஆபீஸில் மலையாளத்தில் ஒட்டியிருக்கும் நோட்டீஸ் தமிழில் என்ன சொல்கிறது, இவ்வளவுதான் விஷயம். தேயிலைத் தோட்டத்து லயங்களில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், குடியிருப்பவர்கள் பார்க்கிறார்கள். அங்கிருந்து திருப்பூருக்கும் கோவைக்கும் வேலை தேடிப் போனவர்களும் பார்க்கிறார்கள்.

பார்க்கிறார்கள் என்று எண்ணிக்கை சொல்கிறது. கேட்கிறார்களா என்று எனக்கு இன்றுவரை உறுதியில்லை. நான் பேசிக்கொண்டிருக்கும்போதே ஒருவர் "லைவ் எப்போ அண்ணா?" என்று கேட்பார். துபாயில் இருக்கும் ஒருவர் கேமராவைத் திருப்பி மூடுபனியைக் காட்டச் சொல்வார். இருட்டிவிட்டது, ஜன்னல் சாத்தியிருக்கிறது என்றால் மறுநாளும் அதையே கேட்பார். வண்டன்மேட்டுக்காரர்கள் ஏலக்காய் விலை கேட்பார்கள். எனக்கு அது தெரியாது என்று சொல்லும்போது அவர்களுக்குள் ஒருவர் விலை சொல்ல, இன்னொருவர் மறுக்க, என் மின்வெட்டு அறிவிப்பு மேலே போய் மறைந்துவிடும். எல்லாவற்றுக்கும் மேல் பெயர் வாசிக்கும் சடங்கு. வணக்கம் போட்டவர்களின் பெயரைச் சொல்லாவிட்டால் கோபம். ஒருமுறை ஒரு பெண்மணி, மூன்று நாளாகத் தன் பெயரை விட்டுவிட்டதற்குக் காரணம் கேட்டு, வீட்டுக்கே வந்துவிட்டார். வந்தவர் காபி குடித்துவிட்டுத்தான் போனார்.

ஒரு புதன்கிழமை காலை, பத்தரை மணி இருக்கும், தாலூகா ஆபீஸ் காவலாளி, மலையாளி, போன் செய்தார். எனக்கு நோட்டீஸ்களைப் படம் எடுத்து அனுப்புபவர் அவர்தான்.

"சாரே, உங்க ஆளுக கொறே பேரு வந்து நிக்குது. என்னமோ முகாமாம். இங்க ஒரு முகாமும் இல்லியே."

போனேன். சாரல் அடித்துக்கொண்டிருந்தது. தகரக் கூரைக்கு அடியில் ஒரு ஜீப் கொள்ளும் ஆட்கள், உண்மையில் ஒரு ஜீப்பில் வந்தவர்கள்தான், கையில் பிளாஸ்டிக் உறைகளோடு நின்றார்கள். என்னைக் கண்டதும் எல்லார் முகத்திலும் நிம்மதி. அந்த நிம்மதியைப் பார்த்தபோதே எனக்கு எரிச்சல் தொடங்கிவிட்டது. எந்த முகாம், யார் சொன்னது என்று கேட்டேன். நீங்கள்தான் என்றார்கள். ஒருவர் கைபேசியை நீட்டினார். அதில் நான் தெளிவாக, அழுத்தம் திருத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்: "நாளை காலை பத்து மணிக்கு தேவிகுளம் தாலூகா ஆபீஸில் சான்றிதழ் முகாம். விண்ணப்பித்தவுடன் கையோடு கொடுப்பார்கள்."

போன வருடம் பேசியது. திருப்பூரில் யாரோ ஒரு நல்லவர் அதைத் தேடி எடுத்து, பயனுள்ள தகவல் என்று ஊர்க் குழுக்களுக்கு முந்தைய நாள் காலையில் அனுப்பியிருந்தார்.

இது பழையது என்று விளக்கினேன். முதலில் அமைதியாக, பிறகு கொஞ்சம் சத்தமாக. கூட்டத்தின் முன்னால் நின்ற ஒரு பெண், நாற்பத்தைந்து வயதிருக்கும், கொழுந்து எடுப்பவர், நான் முடிக்கும்வரை காத்திருந்து கேட்டார்.

"மேல லைவுன்னு போட்டிருக்கே, அண்ணே. பழசுன்னா அது எப்படி லைவாகும்?"

தலைப்பில் 'நேரலை' என்று போட்டவன் நான்தான். பின்னால் நின்ற பெரியவர், "ஆளும் இளைக்கல, சட்டையும் மாறல. நாங்க என்னத்தக் கண்டோம்?" என்றார். சிரித்தார்கள். நான் அன்றைக்கும் அதே நீலச் சட்டையில்தான் போயிருந்தேன்.

நாளிதழில் என் முதல் வாரத்தில் கற்றுக்கொடுத்த விஷயம் இது. நிருபர் மாலையில் 'நாளை கூட்டம்' என்று எழுதி அனுப்புவார். வாசகர் படிக்கப்போவது மறுநாள் காலை. ஆகவே துணையாசிரியர் அதை 'இன்று' என்று மாற்றி, கிழமையையும் சேர்க்க வேண்டும். வாசகர் எந்த நாளில் இருக்கிறாரோ அந்த நாளில் இருந்து எழுத வேண்டும். எத்தனையோ பேருடைய 'நாளை'யை நான் திருத்தியிருக்கிறேன், அதற்காகச் சிலரைத் திட்டியும் இருக்கிறேன். என்னுடையதைத் திருத்த ஆள் இல்லை.

மற்றவர்கள் முணுமுணுத்துக்கொண்டே ஜீப்பில் ஏறினார்கள். வருமானச் சான்றிதழ், அந்தச் சான்றிதழ், இந்தச் சான்றிதழ். அடுத்த வாரம் வாங்கினாலும் ஒன்றும் ஆகாது. அந்தப் பெண் மட்டும் ஏறவில்லை. மகளுக்கு நர்சிங் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. நேட்டிவிட்டி சர்டிபிக்கெட், அதாவது இந்த ஊர்க்காரர்தான் என்ற சான்றிதழ், இல்லை என்று கல்லூரியில் இருந்து திங்கட்கிழமை போன் வந்திருக்கிறது. சனிக்கிழமைக்குள் கொடுக்காவிட்டால் இடம் அடுத்த பெண்ணுக்குப் போய்விடும். செவ்வாய்க்கிழமை சாயங்காலமே தங்கள் பஜாரில் உள்ள கணினி மையத்தில் விண்ணப்பிப்பதாக இருந்தார். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் என் வீடியோ வந்தது. கையோடு கொடுக்கிறார்கள் என்றால் கணினி எதற்கு என்று விட்டுவிட்டார். என்னால் ஒரு நாள் போயிற்று. இருந்ததே சில நாட்கள்.

வீடியோவின் தேதியைப் பார்த்திருக்கலாமே என்று கேட்டேன். அதைக் கேட்டிருக்க வேண்டாம்.

"நீங்க பொய் சொல்ல மாட்டீகன்னு வந்தோம். தேதியெல்லாம் பாத்தா வருவாக?" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

அவரை உள்ளே அழைத்துப்போனேன். தவறு என்னுடையது என்று குமாஸ்தாவிடம் சொன்னேன். அவருக்கு அதில் அக்கறை இல்லை. விண்ணப்பம் கணினி வழியாகத்தான் வர வேண்டும், வில்லேஜ் ஆபீஸ் விசாரிக்க வேண்டும், ஒரு வாரம் ஆகும், பெரும்பாலும் பேப்பர் குறைவாக இருக்கும், திருப்பி அனுப்புவார்கள், அப்புறம் இன்னொரு வாரம் என்று அடுக்கினார். அடுக்கிக்கொண்டே உறையைப் பிரித்தார். ரேஷன் கார்டு, மகளின் பள்ளிச் சான்றிதழ், ஆதார், தாய் எத்தனை வருடமாக வேலை செய்கிறார் என்ற எஸ்டேட் ஆபீஸ் கடிதம், எல்லாவற்றுக்கும் இரண்டு நகல். ஒருமுறை பார்த்தார். மறுபடி முதலில் இருந்து பார்த்தார். எஸ்டேட் கடிதத்தை யாருமே முதல் தடவையில் கொண்டுவந்ததில்லை, இவருக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டார்.

அந்தப் பெண் தாடையை என் பக்கம் அசைத்தார்.

அதே பழைய வீடியோவில், முகாம் செய்திக்குப் பிறகு, என்னென்ன பேப்பர் வேண்டும் என்று நான் வாசித்திருக்கிறேன். செவ்வாய் மத்தியானம் அதைப் பார்த்துவிட்டு நேரே எஸ்டேட் ஆபீஸுக்குப் போய்க் கடிதம் கேட்டு நின்றிருக்கிறார். பட்டியலில் பிழை இல்லை.

குமாஸ்தா வில்லேஜ் ஆபீஸருக்குப் போன் செய்து, பேப்பர் எல்லாம் சரியாக இருக்கிறது, விண்ணப்பம் வந்ததும் பாருங்கள் என்றார். எதிரே இருந்த கணினி மையத்தில் பன்னிரண்டரைக்குப் பதிவு செய்தோம். அவரை மத்தியானப் பேருந்தில் ஏற்றிவிட்டேன். அவர் நன்றி சொல்லவில்லை. சொல்ல வேண்டிய காரணமும் இல்லை.

அன்று மாலை நேரலையை, செய்தித்தாளின் முதல் பக்கத்தை வாசிப்பதுபோல, கிழமை, தேதி, மாதம், வருடம் என்று சொல்லித் தொடங்கினேன். முதல் கருத்து உடனே வந்தது: "அண்ணா, தேதி எங்களுக்கே தெரியும். விஷயத்துக்கு வாங்க." அதற்கு இதயங்கள் குவிந்தன. பிறகு உட்கார்ந்து பழைய வீடியோக்களின் தலைப்பில் எல்லாம் தேதி சேர்த்தேன். முகாம் வீடியோவை அழித்துவிடலாம் என்று விரல் வைத்தேன். அதில் அந்தப் பட்டியல் இருந்தது. 'முடிந்துபோன முகாம்' என்று தலைப்பை மாற்றிவிட்டு அப்படியே விட்டேன்.

வியாழக்கிழமை முழுக்கத் தகவல் ஒன்றும் வரவில்லை. வெள்ளிக்கிழமை மூன்றரை மணிக்கு அந்தப் பெண் போன் செய்தார். சர்டிபிக்கெட் வந்துவிட்டது, மகள் விடிகாலைப் பேருந்தில் கல்லூரிக்குக் கிளம்புகிறாள் என்றார். நல்லது என்றேன். போனை வைப்பார் என்று நினைத்தேன்.

"ஒண்ணு சொல்லணும், அண்ணே. அந்தப் பேப்பரெல்லாம் வாசிச்சீகள்ல, அத அவ்வளவு வேகமா வாசிக்காதீக. எம்மக நாலு தடவ நிறுத்தி நிறுத்தி எழுதுனா."

சரி, இனி மெதுவாக வாசிக்கிறேன் என்றேன்.